கேசட்டா, சிடியா, பென் டிரைவா, ஆப்பா: வடசென்னையில் பாட்டை எதில் வைத்துக்கொள்வது?

இசைக்கடைகள் மூடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் லண்டனைத்தான் காட்டுவார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் 1921-ல் கடை திறந்த எச்எம்வி, 2013-ல் ஒருமுறையும் 2018 கடைசியில் மறுமுறையும் கடன் தாங்காமல் நிர்வாகிகள் கைக்குப் போனது. நம் ஊரில் மியூசிக் வேர்ல்டு 2013-ல் மூடியது. மும்பையின் ரிதம் ஹவுஸ் 2016-ல் போனது. சரி, இந்தக் கதையில் வண்ணாரப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் என்ன வேலை? ஏசி அறையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கும் கடையெல்லாம் அண்ணா சாலைப் பக்கத்துச் சமாச்சாரம். வடக்கே பாட்டு வந்த வழி வேறு. பூங்கா நகர் குஜிலி பஜாரில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம், மூர் மார்க்கெட்டின் பழைய இசைத்தட்டு, தெருமுனை ரெக்கார்டிங் கடையின் கேசட், பர்மா பஜார் சிடி, அப்புறம் செல்போன் கடையில் ஏற்றித் தந்த மெமரி கார்டு. இன்று எல்லாம் ஆப்பில் வந்து நிற்கிறது. எது எதற்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்தது. நம் பக்கம் அதற்கு உயிர் கொடுத்தது ரெக்கார்டிங் கடை. காகிதத்தில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட் தயார். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக இருந்தால் ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்தில் எதைப் போடுவது என்பதில்தான் கடைக்காரரின் ரசனை தெரியும். சிலர் தீம் மியூசிக் போடுவார்கள், சிலர் பாட்டை நடுவில் வெட்டிவிடுவார்கள். "தொண்ணூறு வாணாம்பா, நாடா மெல்லிசு, சிக்கிக்கும்" என்று அவர்கள் சொன்னது வியாபாரத் தந்திரம் இல்லை. அதே டப்பாவுக்குள் அதிக நீளத்தை அடைக்க வேண்டும் என்பதால் நாடா உண்மையிலேயே மெலிதாகத்தான் இருக்கும்.

ஒலித்தரத்தில் கேசட் தோற்றுவிடும், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும்போது ஒவ்வொரு கைமாற்றிலும் இரைச்சல் கூடும், மேல்ஸ்தாயி மங்கும். ராயபுரம், காசிமேடு மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். சட்டம் பேசினால் 1957 பதிப்புரிமைச் சட்டம் அன்றும் இருந்தது. அந்தக் கடைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இசைத்தட்டை இங்கே நான் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. 2022-ல் அமெரிக்காவில் சிடியைவிட எல்பி அதிகம் விற்றது, 3 கோடியே 30 லட்சத்துக்கு எதிராக 4 கோடியே 10 லட்சம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அல்லிக்குளம் பக்கம் தேடி அலைகிறவர்களுக்கு அது சேகரிப்பு ஆசை. பாட்டுக் கேட்க அது வழியல்ல.

சிடியின் கதை கொஞ்சம் வேடிக்கை. 1982-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் பெருமையே ஒலித்தரம்தான். பர்மா பஜாருக்கு வந்து சேர்ந்தபோது அது வெறும் சாக்குப்பை ஆகிவிட்டது. 700 எம்பி தட்டில் எம்பி3-யாக அடைத்தால் சுமார் 150 பாட்டு. ஒரு இசையமைப்பாளரின் பத்து வருட வேலை ஒரே தட்டில். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் ராஜாஜி சாலையில் போட்ட கடைகள், ஒரு காலத்தில் இந்தத் தட்டுகளால்தான் ஜொலித்தன. வீட்டில் பழைய தட்டு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கம்பெனியே அச்சிட்ட சிடி பத்திரமாக வைத்தால் பல்லாண்டு ஓடும், எரித்து எழுதிய சிடியில் இருப்பது சாயப் பூச்சு, வெயிலிலும் ஈரத்திலும் அது போய்விடும். அதில் மட்டும் இருக்கிற எதையும் இந்த வாரமே நகல் எடுத்துவிடுவது நல்லது.

பென் டிரைவுக்கு மரியாதை கொடுத்து யாரும் எழுதுவதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு செல்போன் கடைகளில் பாட்டு ஏற்றும் வியாபாரம் படுத்தது என்னவோ நிஜம். ஆனாலும் பென் டிரைவ் சாகவில்லை. லோடு வண்டியில் இருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவில் ஸ்பீக்கர் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கிறது. அம்மன் பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் அவர் பிழைப்பு என்ன ஆவது? நெட்வொர்க்கையும் மாத சந்தாவையும் நம்பாமல் பாட்டைக் கையில் வைத்திருப்பவர்களில் இன்று மிச்சம் இருப்பது அவர்கள்தான். சேகரிப்பாளர் என்று யாரும் அவர்களைச் சொல்வதில்லை. குறை உண்டு: தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் ஃபைலை, தரம் கூடிய 320 என்று பெயர் மாற்றி வைத்திருப்பார்கள், பாடகர் பெயர் தப்பாக இருக்கும், ஒரே பாட்டு நாலு தடவை இருக்கும்.

ஆப்பை எதிர்த்து நான் கண்ணீர் விடப்போவதில்லை. சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்றால் ஆப்பே ஜெயிக்கும். கேசட்டில் தேடி அலைந்த பாட்டு பத்து நொடியில் வருகிறது. ஆனால் அது வாடகை வீடு. 2019 ஏப்ரலில், ஒரு காலத்தில் இந்தியாவில் எச்எம்வி பெயரில் இசைத்தட்டு போட்ட சரிகமா கம்பெனிக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் வழக்கு முட்டியபோது, எச்எம்வி காலத்துப் பாட்டுகள் மொத்தமாக ஸ்பாட்டிஃபையிலிருந்து இறங்கின. திரும்ப வர 2020 ஆனது. விங்க் மியூசிக் ஆப்பே 2024-ல் மூடப்பட்டது. அதில் வருடக்கணக்காகச் சேர்த்த லிஸ்ட்? அதே சரிகமா 2017-ல் 5,000 பாட்டை ஒரு டப்பாவில் போட்டு கார்வான் என்று விற்று ஜெயித்ததையும் பார்த்தோம். பட்டனைத் திருகினால் பாட்டு வரவேண்டும் என்கிற ஆசை பெரியவர்களிடம் போய்விடவில்லை. வீட்டில் அவர்களுக்கு வாங்குவதானால் நான் சொல்வது கார்வான்தான்.

எனக்கு முக்கியமானது அடுத்தது: வடசென்னைத் தெருப்பாட்டான கானா. தேவா சினிமாவுக்குக் கொண்டுபோன கானா எல்லா ஆப்பிலும் இருக்கிறது. 2017-ல் தொடங்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் பாட்டுகள் இருக்கின்றன. இன்றைய பசங்க பாடிய அன்றே யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு காலம் இருக்கிறது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிய மரண கானாவை யாரோ டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்தார்கள். சின்னக் கம்பெனிகள் உள்ளூர் பாடகர்களை வைத்துக் கொஞ்சமே கேசட் போட்டன. அவற்றுக்கு மாஸ்டர் பிரதி எங்கே என்று கேட்க ஆளில்லை. உரிமைக்காரர் யார் என்று தெரியாததை எந்த ஆப் ஏற்றும்? புளியந்தோப்பிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு பரணில் கிடக்கும் கேசட்தான் அந்தப் பாட்டு. இங்கே மட்டும் கேசட் மற்ற மூன்றையும் அடித்துவிடுகிறது, அதுவும் தரத்தால் இல்லை, வேறு பிரதி கிடையாது என்பதால்.

அதனால் என் தீர்ப்பு இது: சினிமாப் பாட்டுக் கேசட்டை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போடுங்கள். கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட், உள்ளூர் கம்பெனிக் கேசட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பென் டிரைவுக்கு மாற்றுங்கள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட வேண்டும். தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. பூஞ்சை இருந்தால் பிளேயரில் போடவே கூடாது, அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமான கேசட் என்றால் பிளேயரிலிருந்து ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பதியலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. சிடி தரத்தில் சுமார் 635 எம்பி பிடிக்கும். எம்பி3 ஆக்குவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிளேயர் விஷயத்தில் மட்டும் புதுசை நம்ப வேண்டாம். இப்போது ஆன்லைனில் வரும் மலிவான கேசட் பிளேயர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி மட்டமான மெக்கானிசம் போட்டவை, வேகம் ஆடும். பழைய பானசோனிக்கோ சோனியோ யார் வீட்டிலாவது கிடைத்தால் பெல்ட் மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் ஓடிவிடும். பெல்ட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள். பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டு போங்கள், அளவு பார்க்காமல் வாங்கினால் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.