15 நாள் டிரைவிங் கிளாஸ், கிளட்ச் பயம் முக்காவாசி போச்சு

எங்க ஏரியா டிரைவிங் ஸ்கூல்ல 15 நாள் கிளாஸ் போய் முடிச்சேன், பேரு வேணாம். மொத வாரம் சுத்த வேஸ்டுங்க, மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச் பிரேக் இருக்குல்ல, எல்லாத்தையும் அவரே மிதிச்சுடுறாரு, நான் ஸ்டியரிங்க புடிச்சுட்டு ஏதோ ஓட்டுறதா நெனச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் வேற மாஸ்டர் வந்தாரு, வயசானவரு. ஆக்ஸிலேட்டர்ல கால வைக்காத, கிளட்ச மட்டும் மெதுவா விடு, பாதி வந்ததும் வண்டி லேசா அதிரும் பாரு அங்கயே ரெண்டு செகண்ட் நிறுத்துன்னாரு, அவ்ளோதான், வண்டி தானா நகருது, ஆஃப் ஆகல! சிக்னல்ல ஃபர்ஸ்ட் கியர போட்டு கிளட்ச மிதிச்சுட்டே நின்னா செம திட்டு, கிளட்ச்சுல இருக்குற ரிலீஸ் பேரிங்னு ஒரு பார்ட் தேயும், நியூட்ரல் போட்டு கால எடுய்யாம்பாரு. ஆனா இறக்கத்துல நியூட்ரலே கூடாதாம், இன்ஜின் புடிச்சு நிறுத்தாது, பிரேக் சூடாகிடும்.

வண்டி பழசு, ஏசி கெடையாது, கிளட்ச் கல்லு மாதிரி. ஹேண்ட்பிரேக் போட்டு மேட்டுல எடுக்குறத ஒரே ஒரு நாள்தான் சொல்லிக்குடுத்தாங்க, இன்னும் ஃப்ளைஓவர்ல டிராஃபிக்னா எனக்கு வேர்க்குது. சேர்றதா இருந்தா அந்த பெரியவர் பேட்ச்தான் வேணும்னு மொதல்லயே கேட்டுடுங்க.