வரையாட்டு ஓட்டத்துக்கு எது பொருத்தம்: புகைப்படமா, ஒற்றை வண்ணச் சின்னமா?

வரையாட்டுப் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் ஓர் ஓட்டத்துக்கு போஸ்டர், டி-ஷர்ட், பிப் (ஓடுபவர் நெஞ்சில் குத்தும் எண் அட்டை), பதக்கம் எல்லாவற்றையும் வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. குழுவில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, புல்மேட்டில் நிற்கும் வரையாட்டின் முழு வண்ணப் புகைப்படம். இன்னொன்று, ஒரே வண்ணத்தில் வரைந்த சின்னம். நான் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

புகைப்படத்தின் பலம் தெரிந்ததுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றாலும் வரையாட்டை நேரில் பார்த்தவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் ஒரு நல்ல படம் வந்தால் விரல் நின்றுவிடும். படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அச்சு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். புகைப்படம் என்றால் குறைந்தது நாலு கலர். அது வேண்டாம் என்று, சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷனுக்குப் போனால் படம் அருமையாக வரும், ஆனால் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில்தான் எடுபடும். அதாவது, புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே துணியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு சலவையிலும் நுண்பிளாஸ்டிக் இழை உதிர்க்கும் சட்டையைக் காட்டுயிருக்காக ஓடுபவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றை வண்ணச் சின்னத்துக்கு ஒரே ஸ்கிரீன் போதும். காட்டன் சட்டை, துணிப்பை, ஃப்ளெக்ஸுக்குப் பதிலாகக் கட்டும் காடாத்துணி பேனர், எதிலும் அடிக்கலாம். பதக்கத்துக்கும் அதே கோட்டோவியம் அப்படியே போகும். புகைப்படம் என்றால் எப்படியும் புதிதாக வரைந்தாக வேண்டும். சின்னத்தோடு வருடத்தைச் சேர்க்காமல் விட்டால் மிஞ்சிய சட்டையை அடுத்த வருடமும் விற்கலாம், பேனரை மறுபடி கட்டலாம். வருடம் வேண்டுமென்றால் பிப்பில் இருக்கட்டும். இப்படி மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் வரையாட்டுக்குப் போய்ச் சேரும், அதற்காகத்தானே ஓட்டமே. 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்குப் பாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் கறுப்பு வெள்ளையில் அச்சுச் செலவு குறையும் என்பது ஒரு காரணம். சின்னத்தை வடிவமைத்த பீட்டர் ஸ்காட் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

சின்னத்தில் சிரமம் வேறு இடத்தில். வெறும் நிழலுருவாக வரைந்தால் பார்ப்பவர்கள் வெள்ளாடு என்பார்கள். அடியில் தடித்துப் பின்னோக்கி வளையும் கொம்பு முதல் அடையாளம். இரண்டாவது, வளர்ந்த கிடாவின் கரும்பழுப்பு முதுகில் சேணம் போட்டதுபோல் தெரியும் வெளிர் திட்டு. அந்த இடத்தில் மை படாமல் விட்டால் துணியின் நிறமே திட்டாகிவிடும், இரண்டாவது கலர் தேவையில்லை. ஆனால் இது வெளிர் துணியில் அடர் மைக்கு மட்டும்தான். கறுப்புச் சட்டையில் வெள்ளை மை அடித்தால் உடல் வெளுத்து, திட்டு கறுத்து, வரையாடே தலைகீழாகிவிடும். அதனால் நாங்கள் பச்சைச் சாயல் கொண்ட வெளிர்ச் சட்டையில் கரும்பழுப்பு மை எடுத்தோம்.

சட்டை எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் ஸ்கிரீனே வேண்டாத டிடிஎஃப் முறையில் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) புகைப்படத்தையும் காட்டனில் ஒட்டலாம். பல சலவைக்குப் பிறகு அது எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் அனுபவம் இல்லை. ஆன்லைன் போஸ்டரில் மட்டும் புகைப்படத்தைப் பெரிதாக வைத்து, மூலையில் சின்னத்தைச் சேர்த்தேன். அங்கே எத்தனை கலர் போட்டாலும் செலவு ஒன்றுதான்.