லீசிங் லொறியைக் கொடுத்துச் சிறியது எடுக்க இருப்பவர்களுக்கு: என்னுடைய 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா போன விதம்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் லீசிங்கில் லொறி எடுத்து, மாதத் தவணை கழுத்தை நெரிப்பதனால் பெரிய வாகனத்தைக் கொடுத்துவிட்டுச் சிறியதொன்றுக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் எவரும் தயவுசெய்து இதை முழுவதுமாக வாசியுங்கள். நியாயமான கணக்கோடு அந்த மாற்றத்தைச் செய்யப் போன என்னிடமிருந்து ஒரு பழைய வாகன விற்பனை நிலையம் 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாவை எடுத்துக்கொண்டது. நேற்று அங்கே போனபோது உள்ளே அமரக்கூடச் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதப்பட்டிருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பிரதான வீதியோரத்தில், பாவித்த வாகனங்களை வாங்கி விற்கவும் மாற்றிக் கொடுக்கவும், லீசிங் வசதியைத் தாங்களே செய்து தருவதாகவும் பலகை வைத்திருக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகத் தருகிறேன்.

என்னுடையது 14 அடி கென்டர் லொறி. 2023ஆம் ஆண்டு ஐந்து வருட லீசிங்கில் எடுத்தேன். மாதத் தவணை 1 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி, கந்தளாயிலிருந்து நெல், சீனக்குடாவிலிருந்து மா மூட்டை என்று ஓட்டம் தொடர்ந்து இருந்தவரை அந்தத் தவணை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மா மூட்டை ஏற்றும் வேலை வேறொருவரின் கைக்குப் போன பிறகு, லொறி பாதிப் பாரத்தோடுதான் ஓடியது. லீற்றருக்கு ஆறோ ஏழோ கிலோமீற்றர் ஓடும் வாகனத்தைப் பாதிப் பாரத்துடன் ஹபரணைப் பக்கம் கொண்டுபோய்த் திரும்பினால், வாடகையில் டீசலுக்குப் போக மிஞ்சுவது தவணைக்குக் காணாது. 2022இல் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்கு விற்ற காலத்தில் எத்தனை பேருடைய லொறிகளை லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தொன்னுக்குள் ஏற்றும் சிறிய பட்டா லொறி ஒன்று இருந்தால் மரக்கறி ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியானது என்று இன்றும் சொல்வேன்.

லீசிங்கில் இருக்கும் லொறியை நாமே வெளியில் விற்பது எளிதல்ல. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மீதிக் கடனை மொத்தமாகக் கட்டி அந்தப் பெயரை நீக்கினால்தான் வாங்குபவருக்கு உரிமையை மாற்றிக் கொடுக்கலாம். கையில் முப்பது இலட்சத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவன் தவணைக்குத் திண்டாடப் போவதில்லை. ஆகவே, நமது கடனைத் தாங்களே தீர்த்து, லொறியை எடுத்துக்கொண்டு, மிச்சப் பெறுமதியைச் சிறிய வாகனத்தின் முற்பணமாகக் கழித்துத் தரும் விற்பனை நிலையங்களைத்தான் எம்மைப் போன்றவர்கள் தேடிப் போகிறோம். அவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அவர்கள் சொன்ன கணக்கு இதுதான். என்னுடைய லொறிக்கு 48 இலட்சம். லீசிங்கில் தீர்க்க வேண்டிய மீதி 31 இலட்சத்து 20 ஆயிரம். எனக்கு மிஞ்சுவது 16 இலட்சத்து 80 ஆயிரம். பட்டா லொறியின் விலை 24 இலட்சத்து 50 ஆயிரம் என்பதால் 7 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மட்டும் மூன்று வருடப் புதிய லீசிங். தவணை 28 ஆயிரத்துக்குள் வரும். 1 இலட்சத்து 12 ஆயிரம் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு 28 ஆயிரம் என்ற எண் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிலையத்தில் என்னோடு கதைத்த இளைஞர் என்னை நம்ப வைத்த விதத்தை விவரமாக எழுத வேண்டும், ஏனெனில் நாளை உங்களிடமும் அவர் இப்படித்தான் கதைப்பார். முதலில் தேநீர் வந்தது. பிறகு காலஞ்சென்ற என் மாமனாரின் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்கட மாமா எங்கட அப்பாவிட்டத்தான் முதல் மோட்டார் சைக்கிள் எடுத்தவர், அண்ணன்" என்றார். அது உண்மை. மேற்சொன்ன கணக்கு முழுவதையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தன் கையாலேயே எழுதி என்னிடம் தந்தார். அதன்பின் என் கண்ணெதிரே லீசிங் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, ஒப்பந்த இலக்கத்தைச் சொல்லி மீதித் தொகையைக் கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் 31 இலட்சத்து 20 ஆயிரம் என்று தெளிவாகச் சொன்னார். நான் அறிந்திருந்த தொகையும் அதுவேதான். இவ்வளவு வெளிப்படையாகச் செய்யும் ஒருவரை எதற்காகச் சந்தேகிக்க வேண்டும்? "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், அண்ணன். லொறியை விட்டிட்டுப் போங்கோ. ஒரு கிழமைக்குள்ள லீசிங்கை முடிச்சு, பட்டாவுக்குப் பெயின்ட் அடிச்சு உங்கட கையில தாறம்" என்றார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டதைச் சொல்லி, புதிய லொறிகள் வந்து இறங்கினால் 48 இலட்சம் என்ற விலை நிற்காது, இன்றைக்கென்றால் இன்றைக்கு என்றும் அவசரப்படுத்தினார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தது. அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். விலை, மீதி, முற்பணம் எல்லாவற்றையும் வாசித்தவர், வாகனத்தின் நிலையைப் பரிசோதித்த பின் விலையை மாற்றும் உரிமை நிலையத்துக்கு உண்டு என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். திகதியோ வாங்குபவரின் பெயரோ எழுதப்படாத உரிமை மாற்றப் படிவத்திலும் கையொப்பம் பெற்றுக்கொண்டார். எல்லோரும் இப்படித்தான் கொடுப்பார்கள் என்றார்.

ஒரு கிழமை போனது. லீசிங் தீரவில்லை, பட்டா லொறியும் வரவில்லை. தவணைத் திகதி கடந்ததும் லீசிங் நிறுவனத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. விற்பனை நிலையத்தைக் கேட்டால் கோப்பு கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார்கள். அடுத்த முறை கேட்டபோது காசோலையில் கையொப்பமிடுபவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு வங்கி விடுமுறை, பிறகு மீதித் தொகைக் கடிதம் காலாவதியாகிவிட்டதால் புதிதாகக் கேட்டிருக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த இளைஞர் என் அழைப்புகளுக்குப் பதில் தருவதையே நிறுத்திவிட்டார். அலுவலகத்தில் இருக்கும் பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவையும், "சேர் வெளியில நிற்கிறார், வந்தவுடன எடுக்கச் சொல்லுறன் அங்கிள்" என்று சொல்லும். அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுகிறது.

லீசிங் அதிகாரியோ, லொறி யாரிடம் நிற்கிறது என்பது தங்களுக்குத் தேவையற்ற விடயம், ஒப்பந்தம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் சட்டம் அவர் பக்கம்தான். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி லீசிங் வாகனத்தின் சொந்தக்காரர் லீசிங் நிறுவனம்தான். அதைப் பாவிக்கும் உரிமையும் அதற்கான தவணைப் பொறுப்பும்தான் எம்முடையவை. பிணையாளராகக் கையொப்பமிட்ட என் மைத்துனர் பாடசாலை ஆசிரியர். அவருக்கும் கடிதம் அனுப்பப் போவதாக அந்த அதிகாரி சொன்னதும், நகையை அடகு வைத்துத் தவணையைக் கட்டினேன். கையில் லொறியே இல்லாமல், இன்னொருவரின் லொறியில் சம்பளத்துக்குச் சாரதியாக ஓடிக்கொண்டு, மூன்று தவணைகள் கட்டினேன். 3 இலட்சத்து 36 ஆயிரம் ரூபா. தாமதத்துக்கான வட்டி 19 ஆயிரம் ரூபா. கடன் தகவல் பணியகத்தில், நாம் கிறிப் என்று சொல்லுகின்ற அந்த இடத்தில், என் பெயருக்கு நேரே தாமதம் பதிவானது தனிக் கதை.

இதற்கிடையில் தெரிந்த சாரதி ஒருவர் தம்புள்ளையிலிருந்து அழைத்து, "என்ன அண்ணன், லொறிக்கு ஆள் போட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டார். என்னுடைய லொறி அங்கே வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் கடன் வாங்கித் தவணை கட்டிய அதே மாதங்களில் அவர்கள் அதை வாடகைக்கு ஓட விட்டு உழைத்திருக்கிறார்கள். காப்புறுதி என் பெயரில், ஒப்பந்தம் என் பெயரில். அந்த வீதியில் இரவில் யானை குறுக்கே வரும், சாரதி தூங்கிவிடுவான், எது நடந்திருந்தாலும் என்னைத்தான் நீதிமன்றத்துக்கு இழுத்திருப்பார்கள். ஒரு மனிதனின் கழுத்தில் இவ்வளவு பெரிய ஆபத்தைக் கட்டிவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்ப எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருவாறு லீசிங்கைத் தீர்த்தார்கள். நான் மூன்று தவணை கட்டியிருந்ததால் தீர்க்க வேண்டிய தொகை ஏறத்தாழ 2 இலட்சம் ரூபா குறைந்திருந்தது. அதாவது என் பணம் அவர்களுடைய செலவைக் குறைத்தது. அதையாவது என் கணக்கில் சேருங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலாக வேறொரு தாளை நீட்டினார்கள். சேசியில் வெல்டிங், டீசல் பம்ப் பழுது, டயர் தேய்மானம் என்று 3 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா கழித்திருந்தார்கள். மூன்று மாதம் அவர்கள் ஓட்டித் தேய்த்த டயருக்கு என்னிடம் பணம் கழிக்கிறார்கள்! பரிசோதனை அறிக்கை கேட்டேன், இல்லை. கராஜ் பற்றுச்சீட்டு கேட்டேன், அதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் அந்த வாசிக்கப்படாத வரியில் விரலை வைத்துக் காட்டினார்கள். அப்படியென்றால் என் லொறியைத் திருப்பித் தாருங்கள் என்றேன். நான் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தைக் கொண்டு அதை ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். 7 இலட்சத்து 70 ஆயிரமாக இருக்க வேண்டிய புதிய லீசிங் 11 இலட்சம் ஆனது. தவணை 28 ஆயிரத்துக்குப் பதிலாக 40 ஆயிரத்தைத் தொட்டு நிற்கிறது. தொழில் செய்ய வாகனம் இல்லாமல் இன்னும் எத்தனை மாதம் இருப்பது? கையொப்பமிட்டு பட்டா லொறியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று தவணை, தாமத வட்டி, காரணமில்லாத கழிப்பு எல்லாம் சேர்ந்து 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா. அந்த மூன்று மாத வருமான இழப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. நேற்று அந்த நாட்காட்டித் தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அந்த இளைஞர், "அது சும்மா ஒரு மதிப்பீடு, அண்ணன், நீங்கள் விருப்பமெண்டால் வழக்குப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவரை "வாங்கோ அண்ணன், இருங்கோ" என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார். வந்தவரின் கையில் லொறிச் சாவி இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சட்டத்தரணியிடம் ஆவணங்களைக் கொடுக்கப் புறப்பட வேண்டியிருப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்லுகிறேன். லீசிங் நிறுவனத்தின் தீர்வுப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் உங்கள் கைக்கு வரும்வரை லொறியின் சாவியைக் கொடுக்க வேண்டாம்; முடியுமானால் மூன்று தரப்பும் லீசிங் கிளையிலேயே ஒரே நேரத்தில் சந்தித்துப் பணத்தைச் செலுத்துங்கள். திகதியும் வாங்குபவரின் பெயரும் இல்லாத மாற்றப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம். ஒப்பந்தத்தை உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் ஆள் ஒருவரை வைத்து வாசியுங்கள். குறைபாடுகள் இருந்தால் அவற்றைச் சாவி கைமாறுவதற்கு முன்பே எழுதி விலையை முடிக்கச் சொல்லுங்கள். லீசிங் நிறுவனத்தைப் பற்றிய முறைப்பாடென்றால் மத்திய வங்கியின் 1935, விற்பனை நிலையத்தைப் பற்றியதென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977.

இதே போன்ற நிலையமொன்றில் வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டு இதே விதமாகப் பணம் இழந்தவர்கள் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களில் இருந்தால், கையால் எழுதித் தந்த கணக்குத் தாள் எதுவாக இருந்தாலும் அதை எறிந்துவிடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒருவருக்கு மேல் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தால், அதை வெறும் மதிப்பீடு என்று சொல்லி அவர்களால் தப்பிக்க முடியாது என்று சட்டத்தரணி சொல்லுகிறார்.