மோதிர அளவுத் தாளை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்களுக்கு

வீட்டிலேயே விரல் அளவு எடுத்து ஆன்லைனில் மோதிரம் வாங்கப் போகிறவர்கள், அதிலும் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்துவிட்டு வாங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

தம்பிக்கு டில்லியிலேயே பெண் அமைந்தது. நாங்கள் ஆர்.கே.புரம், பெண் வீடு மயூர் விஹார். சுற்றிலும் பொடி வைரம் பதித்த 18 காரட் மோதிரம் ஒன்றை அந்தப் பெண்ணே ஆசையாகத் தேர்ந்தெடுத்தாள். கடைக்குத் தெற்கு டில்லியில் ஷோரூம் உண்டு. பெயர் சொல்ல விரும்பவில்லை. அளவு பார்க்க அவர்களே ஒரு பிடிஎஃப் தாள் கொடுத்திருந்தார்கள். வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். கையில் இருக்கும் மோதிரத்தை வட்டத்தின் மேல் வைத்து, எது பொருந்துகிறதோ அந்த எண்ணை ஆர்டரில் போட வேண்டும். தாளைச் சுருக்காமல் 100 சதவீத அளவிலேயே பிரிண்ட் எடுத்தோம். அவளுடைய பழைய மோதிரம் 7 என்ற வட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கடையின் ஆர்டர் பக்கத்திலும் 7 இருந்தது. அதையே போட்டோம்.

வந்த மோதிரம் அவள் விரலின் முதல் கணுவைக்கூடத் தாண்டவில்லை. குழந்தைக்கு வாங்கியது போல இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தத் தாளில் இருந்தவை அமெரிக்க எண்கள். ஆர்டர் பக்கத்தில் இருந்தவை நம் நாட்டு எண்கள். இரண்டிலும் 7 உண்டு, ஆனால் இரண்டும் வேறு. அமெரிக்க 7 என்றால் உள்விட்டம் சுமார் 17.3 மில்லிமீட்டர், உள்சுற்றளவு 54 சொச்சம். நம் கடைகளில் அது 14. நம்முடைய 7 என்பது உள்சுற்றளவு 47 மில்லிமீட்டர்தான். தாளில் அமெரிக்கா என்றும் இல்லை, மில்லிமீட்டர் என்றும் இல்லை, வெறும் எண் மட்டும். வேறு எங்கிருந்தோ எடுத்த தாளில் தங்கள் சின்னத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தவறு நடந்துவிட்டது, திருத்தித் தருவார்கள் என்று போன் செய்தோம். ‘அளவு மாற்றம் இலவசம்’ என்று அவர்கள் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே! "அளவு கொடுத்தது நீங்கள்தானே மேடம்" என்று ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் அடுத்தது வந்தது: சுற்றிலும் கல் வைத்த மோதிரத்துக்கு அந்தச் சலுகை கிடையாதாம். திருப்பிக் கொடுத்தால் செய்கூலி போகும், கல்லின் மதிப்பிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்களாம். அளவுத் தாள் உங்களுடையதுதானே என்று கேட்டால், "அது ஒரு வழிகாட்டிதான்" என்றார்கள். ஒரு குடும்பத்தின் நல்ல நாளை வைத்துக்கொண்டு இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

கரோல் பாக் பேங்க் ஸ்ட்ரீட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு வங்காளி ஆசாரியிடம் காட்டினோம். எண் போட்ட வளையங்கள் கோர்த்த கொத்தை எடுத்துப் பெண்ணின் விரலில் மாட்டிப் பார்த்து, 14 என்று உடனே சொல்லிவிட்டார். மோதிரத்தைத் தொட மட்டும் மறுத்தார். சாதாரண மோதிரம் என்றால் அடிப்பக்கம் வெட்டி, ஒரு துண்டுத் தங்கம் சேர்த்துப் பற்றவைத்து, ஒன்றிரண்டு அளவு கூட்டலாம். இதில் வெட்ட இடமே இல்லை, எங்கே வெட்டினாலும் கல் வரிசை உடையும். அதுவும் ஏழு அளவு கூட்ட வேண்டும். வேறு யாராவது செய்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள் என்றார். கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

நிச்சயதார்த்தம் அன்று தம்பி போட்டது அவசரத்துக்கு வாங்கிய ஒரு வெற்று மோதிரம். பெண் முகம் சுளிக்கவில்லை, "பரவாயில்லைக்கா" என்றாள். எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

வீட்டில் அளவு எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சரியாகவே எடுக்கலாம். நூலை விடக் காகிதப் பட்டை நல்லது, நூல் இழுபடும். நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, விரலின் அடியில் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் அளந்தால் சுற்றளவு கிடைத்துவிடும். பெரும்பாலான நம் கடைகளில் அதிலிருந்து 40 கழித்தால் வருவதுதான் மோதிர எண்: 54 வந்தால் 14, 52 வந்தால் 12. கணு பருத்த விரல் என்றால் கணுவையும் அளந்து, இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுங்கள். பழைய மோதிரத்தின் உள்விட்டத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலில் அளப்பதுதான் ஆபத்து. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே ஒன்றரை எண் தள்ளிப்போகும். பட்டையான மோதிரம் என்றால் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும்.

டில்லிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஜனவரிக் குளிரில், காலையில், சில்லென்ற கையோடு அளவெடுக்காதீர்கள். விரல் சுருங்கியிருக்கும், மே மாதம் மோதிரம் இறுக்கும். மாலையில், கை வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுங்கள், வேறொரு நாளும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கடை கொடுக்கும் தாளைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதில் மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்ட் சரியா என்று சோதிக்க ஏதாவது அளவுகோடு இருக்க வேண்டும். சில தாள்களில் டெபிட் கார்டு வைத்துப் பார்க்கக் கட்டம் இருக்கும், கார்டின் நீளம் 85.6 மில்லிமீட்டர். இவை எதுவுமே இல்லாத தாளைக் குப்பையில் போடுங்கள். ஆர்டர் போடும்போது எண்ணோடு ‘உள்சுற்றளவு இத்தனை மில்லிமீட்டர்’ என்றும் எழுதி, கடைக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அளவு மாற்றம் இலவசம் என்றால், நீங்கள் வாங்கும் அதே மோதிரத்துக்கு உண்டா, எத்தனை அளவு வரை, செய்கூலி யார் தலையில் என்று கேளுங்கள். போனில் சொன்னது பிறகு நிற்காது.

எங்கள் விஷயம் 1915-க்குப் போன பிறகுதான் நகர்ந்தது. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அந்தத் தாளையும், ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், ரசீதையும் கொடுத்தோம். அதன்பின் பிடித்தம் எதுவும் இல்லாமல் 14-இல் வேறு மோதிரம் செய்து தந்தார்கள், நிச்சயதார்த்தம் முடிந்து வெகு நாள் கழித்து. அவர்கள் இறங்கி வந்திருக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயாராக இருந்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

இதை எழுதும்போதும் அந்தத் தாள் அவர்கள் பக்கத்தில் மாறாமல் இருக்கிறது. அதனால் எந்தக் கடைத் தாளாக இருந்தாலும் 7 என்று போட்ட வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலில் ஒருமுறை அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் இருந்தால் நம் எண். 17-ஐத் தாண்டினால் அது அமெரிக்க எண், அதை அப்படியே ஆர்டரில் போட்டுவிடாதீர்கள்.