எம்-1 சாலையில் மூன்று பழைய பப்கள்: எங்கே காரை நிறுத்தலாம்?

லண்டனிலிருந்து எம்-1 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களை இரண்டு ஊர்கள் இழுக்கும். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வந்துவிடுவது செயின்ட் ஆல்பன்ஸ். சில மணி நேரம் தள்ளி இருப்பது நாட்டிங்ஹாம். ‘இங்கிலாந்திலேயே பழைமையான பப் எங்களுடையதுதான்’ என்று மார்தட்டும் கடைகள் இரண்டு ஊரிலும் உண்டு. சுவரில் எழுதியிருக்கும் ஆண்டை நம்பி வண்டியைத் திருப்ப வேண்டாம் என்பது என் கட்சி.

செயின்ட் ஆல்பன்ஸின் ‘ஃபைட்டிங் காக்ஸ்’ தன் வயதை 793-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. ஒரு காலத்தில் கின்னஸ் புத்தகமே இதை மிகப் பழைய பப்பாக ஏற்றிருந்தது. உறுதிசெய்ய வழியில்லை என்று 2000-இல் அந்தப் பட்டத்தையே கைவிட்டது. இன்று நிற்பது எண்கோண வடிவ மரச்சட்டக் கட்டடம். மடாலயத்தின் புறா மாடமாக இருந்ததை, மடாலயம் கலைக்கப்பட்ட பிறகு இங்கே பெயர்த்து வைத்தார்கள். பக்கத்திலேயே வெர் ஆறு, ரோமானிய நகரம் இருந்த வெருலேமியம் பூங்கா. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், சாப்பிட்டுவிட்டு மேலே ஓட்டவேண்டியவர்களுக்கும் இதைவிட வசதியான இடம் இந்த வழியில் இல்லை.

நாட்டிங்ஹாமின் ‘டிரிப் டு ஜெருசலேம்’ வேறு ரகம். வெள்ளைச் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். ஜெருசலேமை மீட்க நடந்த மூன்றாம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய வீரர்கள் இங்கே குடித்தார்கள் என்பது கதை, ஆதாரம் கிடையாது. இப்போதைய கட்டடமே சுமார் 1650-ஐ ஒட்டியதுதான். ஆனால் உள்ளே போனால் அந்தக் குறை மறந்துவிடும். கோட்டைப் பாறையின் அடிவாரத்தைக் குடைந்த மணற்கல் குகைகளில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். மாடியில் ஒரு சிறிய பாய்மரக் கப்பல் பொம்மை இருக்கிறது. அதைத் துடைத்தவர்கள் செத்துப்போனார்கள் என்ற நம்பிக்கையால் அடை அடையாகத் தூசி படிந்தபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கயிற்றில் தொங்கும் வளையத்தை வீசிச் சுவரில் உள்ள கொம்பில் மாட்டும் பழைய விளையாட்டும் இங்கே உண்டு.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், சந்தைச் சதுக்கத்தை ஒட்டி ‘பெல் இன்’. கூட்டத்துக்கு வியப்பூட்ட இதனிடம் சாபக் கப்பல் இல்லை. ஆனால் மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் சோதனையில் இதன் உத்தரங்கள் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. கட்டடத்தின் வயதைப் பொறுத்தவரை நாட்டிங்ஹாமில் ஜெயித்தது இதுதான். உண்மையான பழைமையை மதிக்கிறவர்கள் இதைத் தவறவிடுவது அநியாயம்.

பப் என்றால் குடித்தே தீரவேண்டும் என்பதில்லை. கவுண்டருக்குப் போய் எலுமிச்சைப் பானமும் சாப்பாடும் சொல்லிவிட்டு வந்து உட்காரலாம். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். காரோட்டுகிறவர் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே நாள் பயணமென்றால் செயின்ட் ஆல்பன்ஸ் போதும். ஓர் இரவு தங்க முடிந்தால் யோசிக்காமல் நாட்டிங்ஹாம்தான். சாவியை விடுதியிலேயே வைத்துவிட்டு, கூட்டம் சேருமுன் மாலையிலேயே குகைக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேல் ‘பெல்’லுக்கு நடந்து வாருங்கள்.