வீரர் உடுப்பில் எந்தக் கனெக்டர்? திருகு வகை, தள்ளி இழுக்கும் வகை, தட்டை வகை: ஓர் ஒப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கேபிள் ஹார்னஸ் (கம்பிகளைக் கட்டாக்கி முனைகளில் கனெக்டர் பொருத்திய தொகுப்பு) செய்து பழகியவருக்கு, ராணுவ வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 38999 என்ற அமெரிக்க ராணுவத் தர எண்ணால் அறியப்படும் திருகு கனெக்டர்தான். கவச வாகனத்திலும் விமானத்திலும் அதன் இடத்தைப் பிடிக்க வேறொன்று இல்லை. வீரர் உடலில் சுமக்கும் ரேடியோ, பேட்டரி, கைக்கணினி, தலைக்கருவி ஆகியவற்றை இணைக்கவும் பலர் அதையே வரைந்து அனுப்புகிறார்கள். இது தவறான பழக்கம் என்பது என் உறுதியான கருத்து.

38999-இன் மூன்றாம் வரிசையில் மும்முனை மரை இருப்பதால் ஒரே ஒரு முழுச் சுற்றில் பூட்டிக்கொள்ளும், அதிர்வில் தளராது, பின்கள் உள்வாங்கி இருப்பதால் எதிர்ப்பக்க ஷெல் (வெளிக்கூடு) இடித்து அவை வளைவதில்லை. மெல்லிய 22டி அளவுப் பின் 5 ஆம்பியரும், தடித்த 16 அளவுப் பின் 13 ஆம்பியரும் தாங்கும். ஆனால் மிகச் சிறிய ஷெல்லில்கூட பிளக்கின் குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். உலோக ஷெல்லுக்குத் தரம் கேட்கும் ஆயுள் 500 முறை பொருத்திக் கழற்றுவது. நாளுக்கு இரண்டு முறை பேட்டரி மாற்றினால் 250 நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். மேலும், துணியில் தொங்கும் சாக்கெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் மறுகையால் திருக முடியும். அந்த மறுகையில் துப்பாக்கி இருக்கும்.

சுவிட்சர்லாந்தின் லெமோ, ஃபிஷர், ஜெர்மனியின் ஓடியூ ஆகிய நிறுவனங்கள் வளர்த்த தள்ளி இழுக்கும் வகை இந்தக் குறையைத் தீர்க்கிறது. தள்ளினால் பூட்டும், வெளி உறையைப் பிடித்து இழுத்தால் மட்டுமே விடும், கேபிளை இழுத்தால் விடாது. 5,000 முறைக்கு மேல் உழைக்கும் ரகங்கள் கிடைக்கின்றன. இதிலேயே, குறிப்பிட்ட விசையில் தானாகக் கழன்றுவிடும் பிரேக்அவே ரகமும் உண்டு. தலைக்கருவியை வாகனத்தோடு இணைக்கும் உரையாடல் (இன்டர்காம்) கேபிளைக் கழற்ற மறந்து குதிக்கும் வீரரின் கழுத்தை அது காப்பாற்றும். ஆனால் அது நேர்கோட்டு இழுவைக்குத்தான் ஒழுங்காகக் கழலும். எங்கள் முதல் மாதிரியில் கேபிளைத் தோளின் பக்கவாட்டில் கொண்டுபோயிருந்தோம். சாய்வாக இழுத்தபோது பிளக் சிக்கிக்கொள்ள, உள்ளே கிரிம்ப் (கம்பியைப் பின்னோடு நசுக்கிப் பிடித்த இணைப்பு) அறுந்தது. சாக்கெட்டை இழுவைத் திசைக்கே திருப்பித் தைத்த பிறகுதான் சரியானது. இன்னொரு குறை மணல்: கோவளம் கடற்கரையில் ஒரு மணி நேரம் தவழ்ந்தெழுந்தால் துளைக்குள் புகும் மணலை விரலால் எடுக்க வழியில்லை.

துளைகள் இல்லாமல் தட்டையான முகத்திலேயே தொடுமுனைகள் அமைந்த தட்டை வகை அங்கேதான் வெல்கிறது. ஃபிஷரின் எல்பி360 போன்றவற்றில் பிளக்கை ஒரே கோணத்தில் மட்டும் நுழையவிடும் சாவிப் பள்ளமே கிடையாது. இருட்டில் எந்தக் கோணத்தில் வைத்தாலும் பொருந்தும். சேற்றைச் சட்டை நுனியால் துடைத்துவிடலாம். உடுப்போடு தைத்தால் புடைக்காது. ஆயினும் அதிலுள்ள ஸ்பிரிங் பின்களின் அழுத்தம் குறைவு என்பதால் தொடுமின்தடை கூடுகிறது. 20 மில்லிஓம் தடையில் 5 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் அரை வாட் வெப்பம். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, திறந்து கிடக்கும் தொடுமுனையில் மின்னழுத்தம் நிற்பதுதான். சித்திரை வெயிலில் வழியும் உப்பு வியர்வை அதன்மேல் பட்டால் மின்னாற்பகுப்பு தங்கப் பூச்சுக்கு அடியிலுள்ள உலோகத்தை அரித்துவிடும். எனவே பொருந்தியதை உணர்ந்த பிறகே மின்சாரம் விடும் சுற்று கட்டாயம் வேண்டும்.

தூசி, நீர் புகாமையைக் குறிக்கும் தர எண்ணான ஐபி67 என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது பொருள். அது பொருத்திய நிலைக்கா, பொருத்தாத நிலைக்கா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பூச்சிலும் அப்படியே: 38999-இல் சாதாரண நிக்கல் பூச்சுக்கு உப்புப் பனிச் சோதனை (உப்புநீரைத் தெளித்து அரிப்பைப் பார்ப்பது) 48 மணி நேரம், ஆலிவ் நிறக் காட்மியத்துக்கும் கறுப்புத் துத்தநாக நிக்கலுக்கும் 500 மணி நேரம். காட்மியம் நச்சு என்பதால், தோலை ஒட்டி நிற்கும் பொருளுக்கு நான் துத்தநாக நிக்கலையே எழுதுவேன்.

ஆகவே வாகனத்திலேயே பொருத்தப்பட்டுள்ள பெட்டிக்குத் திருகு வகை, பேட்டரிக்கும் மார்பு மையத்துக்கும் (எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) பூட்டும் தள்ளி இழுக்கும் வகை, தலைக்கருவிக்கும் வாகனக் கேபிளுக்கும் பிரேக்அவே, கைக்கணினியின் தரவுக்கு மட்டும் தட்டை வகை என்று பிரித்துக் கொடுப்பேன். தட்டை வகையில் கவசப் பின்னல் (மின்காந்த அலை கசியாமல் கேபிளைச் சுற்றியுள்ள உலோக வலை) சுற்றிலும் முழுமையாகத் தொடுவது கடினம் என்பதால், அந்த ஒரு கேபிளைத் சென்னை தரமணியிலுள்ள சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு மையம் போன்ற ஆய்வகத்தில் மின்காந்தக் கசிவுச் சோதனைக்கு முன்கூட்டியே அனுப்புவேன்.