மட் நிரலுக்கு எது பொருந்தும்: செயலிக் கடவுச்சொல்லா, ஓஆத் 2.0 முறையா?

கட்டளைகளைத் தட்டச்சிடும் கணினி முனையத்திலேயே மின்னஞ்சல் படிக்க உதவும் மட் நிரலை ஜிமெயிலுடன் இணைக்க முனையும் நாகர்கோவில் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

ஒரு நிரலுக்கென்றே கூகுள் தனியாகத் தரும் செயலிக் கடவுச்சொல் எளிது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் 16 எழுத்துகளை அமைப்புக் கோப்பில் இட்டால் போதும். ஆனால் நாமாக நீக்கும் வரையோ கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் வரையோ அது செல்லுபடியாகும் என்பதால், அதை மறையாக்கமின்றி வெற்று உரையாக விட்டுவைப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

ஓஆத் முறையிலோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன் எனும் அனுமதிக் குறியீட்டைக் கொண்டே நிரல் உள்நுழைகிறது; கடவுச்சொல் அதற்குத் தெரிவதே இல்லை. கூகுள் கிளவுடில் ஒரு திட்டத்தைப் பதிந்து, உலாவியில் ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால், மட் நிரலுடன் வரும் பைத்தான் துணைநிரல், ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும் அணுகல் டோக்கனைப் புதுப்பிப்பு டோக்கனின் துணையால் அவ்வப்போது பெற்று, இரண்டையும் ஜிபிஜி மறையாக்கத்தில் காக்கிறது. பலர் இடறுவது ஓரிடத்தில்தான்: திட்டம் சோதனை நிலையிலேயே இருந்தால் புதுப்பிப்பு டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும், எனவே அதை வெளியீட்டு நிலைக்கு மாற்ற வேண்டும்.

மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் பயணிக்கும் மடிக்கணினிக்கு, தொலைந்துபோகும் வாய்ப்பை எண்ணி, ஓஆத் முறையையே பரிந்துரைப்பேன். வீட்டிலேயே இருக்கும் கணினிக்கு, மறையாக்கம் செய்த செயலிக் கடவுச்சொல் போதும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கணக்குகளுக்கோ ஓஆத் தவிர வேறு தேர்வே இல்லை. அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை வழியாகக் கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பும் அடிப்படை உள்நுழைவை அந்நிறுவனம் 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கிவிட்டது.